மனநோயும் கூட்டு வைத்தியமும்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர், பேய், பிசாசு, பில்லி, சூனியம், ஏவல் என்பவைகள் எல்லாம் வெறும் புரட்டு என்று வெகு தெளிவாக எடுத்துச் சொன்னார். நீங்களும் கேட்டுச் சிரித்தீர்கள், கை தட்டினீர்கள். அவர் சொன்னதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் கிடையாது. ஆனால் நான் பேச வந்தது அதற்கு அடுத்த கேள்வியைப் பற்றியாகும். பேய் இல்லை என்று சொல்லிவிட்டோம், சரி. பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பையனை மாட்டுக் கொட்டகையில் கட்டிப் போட்டிருக்கிறார்களே, அவன் கதி என்ன? பேய் இல்லை என்று நாம் மேடையில் சொன்ன உடனே அவன் எழுந்து குளித்துச் சோறு கேட்கப் போகிறானா? அவனைப் பெற்றவள் இன்று இராத்திரி நிம்மதியாய்த் தூங்கப் போகிறாளா? பேயை ஓட்டிவிட்டு நோயை அப்படியே விட்டுவிட்டு வருவதானால் நமது வேலை பாதி வேலைதான் என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியைப் பற்றி உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கலாம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில், அங்குள்ள தர்காவுக்குப் பக்கத்தில் தனிப்பட்டவர்கள் நடத்தி வந்த ஒரு மனநோயாளர் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றிக் கொண்டது. தீப்பிடித்த வீட்டிலிருந்து ஆடுமாடு கூடக் கயிற்றை அறுத்துக் கொண்டு ஓடும். இவர்களால் ஓட முடியவில்லை. ஏனென்றால் கட்டியிருந்தது இரும்புச் சங்கிலி. 28 பேர் வெந்து மாண்டார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? யாரையாவது கொலை செய்தார்களா? கொள்ளையடித்தார்களா? மூளைக்கு வந்த ஒரு வியாதிக்காகச் சங்கிலி போடப்பட்டவர்கள் அவர்கள். அதன் பிறகுதான் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. அம்மாதிரி விடுதிகள் மூடப்பட்டு, அவற்றிலிருந்தவர்கள் சர்க்கார் பொறுப்புக்கு வந்தார்கள்.

நிற்க. அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் யார்? பெற்றோர்கள், உடன்பிறந்தவர்கள், கட்டிய மனைவிமார்கள். அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? அல்லது முழு மூடர்களா? நம்மவர்களில் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. ஒரு தாய் தன் மகனைப் புளியமரத்தடிக்கும், கோவிலுக்கும், தர்காவுக்கும், மாதா கோவிலுக்கும் இழுத்துக் கொண்டு போகிறாள் என்றால், அந்த இடங்களில் அவளுக்குக் கிடைப்பது என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? அங்கே "இன்று போய் வியாழக்கிழமை வா" என்று சொல்லுகிறவன் கிடையாது. சீட்டு எழுதுகிற சன்னலில் அவளை அதட்டுகிறவன் கிடையாது. மகனோடு தங்குவதற்கு ஒரு திண்ணை இருக்கிறது. அவளைப் போலவே பிள்ளைகளைக் கூட்டி வந்த பத்துத் தாய்மார்கள் கூட இருக்கிறார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, "இது போய்விடும், பயப்படாதே" என்று சொல்லுவதற்கு ஒருவன் இருக்கிறான். அவன் சொல்லுவது பொய். ஆனால் மெய் சொல்ல வேண்டியவர் 60 மைலுக்கு அப்பால் அல்லவோ உட்கார்ந்திருக்கிறார்?

ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தானே என்பீர்கள். இலவசந்தான். கூலிக்காரன் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். நோயாளி தனியாகப் போக முடியாது. கூட ஒருவர் போக வேண்டும். முரண்டு பிடித்தால் இரண்டு பேர் போக வேண்டும். விடியுமுன் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று, டாக்டரை இரண்டு நிமிஷம் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்பும்போது இருட்டிவிடும். இரண்டு பேருடைய ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் சார்ஜு போயிற்று. ஓட்டல் சாப்பாடு போயிற்று. இப்படி மாதம் ஒருமுறை, வருஷக் கணக்காய்! மூன்றாம் மாதம் பையன் கொஞ்சம் தெளிந்தவுடனே, "இனி எதற்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்ப வருகிறது. திரும்ப வந்ததும் மாந்திரீகன், "பார்த்தாயா, இங்கிலீஷ் மருந்துக்கு இது கட்டுப்படாது என்று நான் அப்போதே சொல்லவில்லையா?" என்கிறான். மாத்திரையை நிறுத்தியது ஏன் என்று வீடு தேடி வந்து கேட்பதற்கு ஒரு ஆள் இல்லாததால் மாந்திரீகன் கெட்டிக்காரனாகிவிடுகிறான்!

இந்த நோய்கள் என்னவென்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாத குரல் காதில் விழுவது, ஊரே தன்னைக் கொல்லச் சதி செய்கிறதாக நம்புவது, தனக்குத் தானே பேசிக் கொள்ளுவது - இவை ஒருவகைக் கடுமையான மனநோயின் குறிகள். இதற்கு 1952-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் முதன்முதலாகப் பலன் தரும் மருந்து கொடுத்துப் பார்க்கப்பட்டது. அது முதல் எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. இன்னொரு வகை இதைவிட வெகு சாதாரணம். அதை நாம் நோய் என்றே எண்ணுவதில்லை. நடவுக்குப் போய்க் கொண்டிருந்த பெண் ஒருத்தி திடீரென்று படுத்தே கிடக்கிறாள், சோறு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, "உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சை அடைக்கிறது" என்கிறாள். மாமியார் சோம்பேறி என்கிறாள். புருஷன் பாசாங்கு என்கிறான். ஊசி போடுகிற டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்புகிறார். இதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். முற்றினால் அரளி விதைக்கும் பூச்சி மருந்துக்கும் கொண்டுபோய் விடக்கூடிய நோய் அது. இவற்றில் எதற்கும் பூர்வ ஜென்மப் பாவம் காரணமல்ல. பரம்பரை, மூளையின் இயக்கம், வறுமை, அடி உதை, கடன், துக்கம் இப்படிப் பல சேர்ந்து ஏற்படுகிற காரியம். "பைத்தியம்" என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கூட்டிக் கட்டிவிடுகிறோமே, அந்த வார்த்தையையே நாம் இனி விட்டுவிட வேண்டும். நீரிழிவுக்காரரைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்? இவரை மட்டும் ஏன் நோயைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்?

2015, 2016-ம் வருஷங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் நமது ராஜ்யம் உள்பட 12 ராஜ்யங்களில் ஒரு கணக்கெடுத்தார்கள். குடி முதலிய போதைப் பழக்க நோய்களையும் சேர்த்து, வயது வந்தவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவதொரு மனநோயால் கஷ்டப்படுகிறார்கள் என்று தெரிந்தது. அவர்களில் சிகிச்சை இல்லாமல் இருப்பவர்கள், நோய்க்குத் தக்கபடி, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை! சிகிச்சை தருவதற்கோ, லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநல டாக்டர் வீதங்கூட இந்தத் தேசத்தில் கிடையாது. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பட்டணங்களில் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி கட்டினால் தீருமா? சென்னையில் இப்போது கீழ்ப்பாக்கத்திலிருக்கும் மனநல ஆஸ்பத்திரிக்கு ஆதி 1794-ம் வருஷம். இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிடத்தையும் மதிலையும் நம்பியிருந்தும், ஏர்வாடிக்கு ஜனங்கள் போனதை அந்த மதில் தடுக்கவில்லை. அவசரக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டியதுதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நோயாளியும் மனநல டாக்டரை நேரில் பார்த்தால்தான் வைத்தியம் என்றால், இன்னும் நூறு வருஷமானாலும் நமது கிராமத்துக்கு முறை வராது.

அப்படியானால் வழி என்ன? வழியொன்றை வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர்கள், வெய்ன் கேட்டன், யூர்கன் உன்னுட்சர் முதலானவர்கள், அமெரிக்காவில் சோதித்துக் காட்டினார்கள். அதற்குக் கூட்டு வைத்தியம் என்று நாம் பெயர் வைத்துக் கொள்ளலாம். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. நல்ல கணக்குப்பிள்ளை வேலைதான் இருக்கிறது. எப்படியெனில், சாதாரண வியாதிக்கு ஜனங்கள் வழக்கமாகப் போகிற டாக்டரிடத்திலேயே வைத்தியம் நடக்கும். அவருக்குத் துணையாக ஒரு நர்சோ அல்லது பயிற்சி பெற்ற வேறொருவரோ இருப்பார். அவருடைய வேலை, நோயாளியோடு பேசுவது, கஷ்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எதை முதலில் சமாளிக்கலாம் என்று யோசிக்கச் செய்வது, படுத்தே கிடப்பவரைச் சிறு சிறு காரியங்களில் மறுபடி இறக்குவது, மாத்திரை சாப்பிடுகிறாரா, சாப்பிடாவிட்டால் ஏன் என்று விசாரிப்பது. மனநல டாக்டர் வாரம் ஒருமுறை அந்தத் துணையாளரோடு உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டுவார். குணமாகி வருகிறவர்களைப் பற்றிப் பேச்சில்லை. குணமாகாதவர்களைப் பற்றித்தான் பேச்சு. "இவருக்கு மருந்தின் அளவைக் கூட்டு, அவருக்கு மருந்தை மாற்று, இன்னாரை மட்டும் என்னிடம் அனுப்பு" என்று சொல்லுவார். வழக்கமான முறையில் ஒரு காலை முழுதும் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணக்கூடிய பேரைப் பார்க்கிற அதே டாக்டர், இந்த முறையில் அநேகம் பேருக்குப் பயன்படுகிறார்.

பதிவேடு என்று சொன்னேனே, அதுதான் இதில் உயிர் நாடி. நமது ஆஸ்பத்திரிகளில் வந்தவர்களுக்குக் கணக்கு உண்டு; வராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் போவார் இல்லை. வட்டிக்குக் கடன் கொடுக்கிறவன், தவணை தவறினால் மறுநாளே வாசலில் வந்து நிற்கிறான். (சிரிப்பு) வசூலுக்கு இருக்கிற ஜாக்கிரதை வைத்தியத்துக்கு இருக்கக் கூடாதா? கூட்டு வைத்தியத்தில் ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் அவர் பெயர் பதிவேட்டில் தானே முன்னுக்கு வந்து நிற்கும். டெலிபோனில் கேட்பார்கள், இல்லையேல் வீட்டுக்குப் போவார்கள்.

இன்னொன்று, குணமா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லுவதில்லை. இரத்தக் கொதிப்புக்கு அளவு பார்ப்பது போல இதற்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒன்பது கேள்விகள்: கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, காரியங்களில் மனம் செல்லுகிறதா, சோர்வு உண்டா, சாகலாம் என்று தோன்றியதா என்பது போல. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மார்க்கு, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ போனால் கவனிக்க வேண்டிய நோய். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வாய்விட்டுக் கேட்டு மார்க்குப் போடலாம். பத்து வாரம் கழித்தும் மார்க்கு இறங்கவில்லையானால், செய்கிற வைத்தியம் பலிக்கவில்லை என்று அர்த்தம். அதை மாற்ற வேண்டும். மந்திரவாதி பலிக்காவிட்டால் நோயாளிக்கு விசுவாசம் போதாது என்பான். இங்கேயோ பலிக்காவிட்டால் வைத்தியத்தின் மேல்தான் குற்றம். பகுத்தறிவு என்று நாம் சொல்லுவது இதைத்தான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 60 வயதுக்கு மேற்பட்ட 1,801 பேரை, 18 வைத்தியசாலைகளில், சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல் இரண்டு பங்காய்ப் பிரித்து, ஒரு பங்குக்கு வழக்கமான வைத்தியமும் மறு பங்குக்குக் கூட்டு வைத்தியமும் கொடுத்தார்கள். 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, நோய் பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் வழக்கமான வைத்தியத்தில் 100-க்கு 19 பேர். கூட்டு வைத்தியத்தில் 45 பேர். செலவும் பார்த்தார்கள். அந்தப் பேரில் ஒரு பகுதியாருடைய நான்கு வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்ததில், கூட்டு வைத்தியத்துக்காக முதல் வருஷம் தலைக்குச் சுமார் 522 டாலர் செலவாயிருந்தும், நான்கு வருஷத்தின் மொத்த வைத்தியச் செலவு மற்றவர்களுக்கானதை விடத் தலைக்கு 3,363 டாலர் குறைவாகவே இருந்தது. மனம் தேறினவர் மற்ற வியாதிகளுக்கும் ஒழுங்காய் மருந்து சாப்பிடுவார், ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பது குறையும் என்று நினைப்பதில் அதிசயமில்லையல்லவா?

"அது அமெரிக்கா, பணமிருக்கிற ஊர்" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். அவருக்காகவே இந்தப் பக்கத்துச் சமாச்சாரங்களைச் சொல்லுகிறேன். சென்னை, டில்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களிலுள்ள நீரிழிவு வைத்தியசாலைகளில், நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே கொண்ட 404 பேருக்கு இதே முறை சோதிக்கப்பட்டது. டாக்டர்களல்லாத துணையாளர்கள்தான் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நிபுணர்கள் கணக்கைப் பார்த்து யோசனை சொன்னார்கள். இரண்டு வருஷத்தின் முடிவில், மனச்சோர்வு பாதியாவது குறைந்து, அதோடு சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகிய இவற்றில் ஒன்றாவது இறங்கினவர்கள், கூட்டு வைத்தியத்தில் 100-க்கு 71 பேருக்கு மேல். வழக்கமான வைத்தியத்தில் 57 பேர். 2020-ல் வெளிவந்த கணக்கு இது.

கோவாவில் நடந்தது இன்னும் ருசிகரமானது. அங்கே டாக்டருமில்லை, நர்சுமில்லை; அந்தந்த ஊர்ப் பெண்களையே எடுத்து இரண்டு மாதம் பழக்கி வைத்தியசாலைகளில் உட்கார வைத்தார்கள். 2010-ல் வெளிவந்த முடிவின்படி, சர்க்கார் சுகாதார நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமானவர்கள் பழைய முறையில் 100-க்கு 42 பேர். இந்தப் பெண்கள் இருந்த இடத்தில் 66 பேர். ஆனால் பணம் கொடுத்துப் பார்க்கும் தனி டாக்டர்களிடம் வித்தியாசமே காணவில்லை. அங்கே இந்தப் பெண்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குணமானவர்கள் 65 பேர் அளவில்தான். இதற்கு என்ன பொருள்? ஏற்கனவே முகம் கொடுத்துப் பேசுகிற டாக்டர் கிடைத்த நோயாளிக்குப் புது ஏற்பாட்டால் அதிக லாபமில்லை. முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமலிருந்த ஏழைக்குத்தான் லாபம் என்று நான் பொருள் செய்து கொள்ளுகிறேன்.

பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சேர்ந்த கிராமங்களில், பிரசவத்தை ஒட்டி மனச்சோர்வு கண்ட தாய்மார்களிடம், வீடு வீடாய்ப் போகும் சுகாதார ஊழியப் பெண்களையே பழக்கி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில், அவர்கள் விசேஷப் பயிற்சியில்லாமல் வெறுமனே வந்து போன கிராமங்களில் 100-க்கு 53 தாய்மார்கள் அந்த நோயோடே இருந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் போன கிராமங்களில் 23 பேர்தான் இருந்தார்கள். 2008-ல் வெளிவந்த முடிவு. டாக்டர் படிப்பில்லாத பெண்ணால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிற பெரிய மனிதர்கள் இந்தக் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். அதே சமயத்தில் வேறொன்றையும் சொல்ல வேண்டும். இம்மாதிரி வேலைகளைப் பெண்கள் தலையில் "சேவை" என்று சொல்லிக் கட்டிவிட்டு, கையில் வயிற்றுக்குப் போதாத சில்லறையை வைப்பது நமது சர்க்கார்களுக்கு வெகு நாளைய வழக்கம். மலிவான வைத்தியம் என்பதற்கு ஊழியக்காரியின் கூலியில் பிடித்து மலிவாக்குவது என்று அர்த்தமானால் அது எனக்கு வேண்டாம். பெரிய கட்டிடத்திலும், வீண் அலைச்சலிலும், வீண் ஊசியிலும் போகிற பணத்தை மிச்சப்படுத்துவதுதான் மலிவு.

குரல் கேட்பது போன்ற கடுமையான நோய்க்கு இது ஆகுமா? ஓரளவுக்கு ஆகும். காஞ்சிபுரம் ஜில்லா, கோவா, மகாராஷ்டிரத்துச் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரிடம் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரி வைத்தியத்தோடு, ஊர் ஊழியர் வீட்டுக்கு வந்து கவனிப்பதையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோயும் அதனால் ஏற்படும் இயலாமையும் ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் பெற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகக் குறைந்தன. கொஞ்சந்தான், அதிகப்படுத்திச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இந்த நோய்க்கு மாத்திரையும் டாக்டரும் அவசியம். ஆனால் எழுந்து வேலைக்குப் போகவும், மாத்திரையை விடாதிருக்கவும், அண்டை வீட்டார் ஏளனத்தைத் தாங்கவும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

இனி, உங்களில் சிலருக்குக் கசப்பான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். குஜராத்தில் உனாவா என்ற ஊரிலுள்ள தர்காவில் 2008-ம் வருஷம் முதல் ஒரு ஏற்பாடு நடந்தது. பிரார்த்தனைக்கு வருகிறவர்களை அங்குள்ளவர்களே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனநல டாக்டரிடம் அனுப்புவது என்பது அந்த ஏற்பாடு. "மருந்தும் துஆவும்" என்று அதற்குப் பெயர். ஏர்வாடியிலும் பிற்பாடு இம்மாதிரி சர்க்கார் வைத்தியம் கொண்டு வரப்பட்டது. இதைக் கேட்டவுடனே, "பார்த்தீர்களா, விஞ்ஞானம் போய் மூட நம்பிக்கையின் காலில் விழுந்துவிட்டது" என்று கோபப்படுகிற தோழர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கோபம் நியாயமானது என்றே சொல்லுவேன். ஆனால் கோபத்தைக் கொஞ்சம் நிறுத்தி, நைஜீரியா, கானா தேசங்களில் நடந்ததைக் கேளுங்கள். அங்கேயும் மனநோயாளிகளில் அநேகர் முதலில் போவது பூசாரிகளிடமும் ஜெபக்காரர்களிடமுந்தான். அங்கேயும் கட்டுவதும் பட்டினி போடுவதும் உண்டு. ஓயே குரேஜே என்ற டாக்டர் முதலானவர்கள், அந்த இடங்களுக்கே ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களை அனுப்பி, மருந்து கொடுக்கச் செய்து, கட்டுவதையும் அடிப்பதையும் விட்டுவிடும்படி பூசாரிகளோடு வாதாடச் செய்தார்கள். 307 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை அது; 2020-ல் வெளியாயிற்று. கூட்டு முறையில் கவனிக்கப்பட்டவர்களுக்கு நோய் நன்றாய்க் குறைந்தது, செலவும் கூடவில்லை.

பூசாரி சொல்லும் தத்துவத்தை அந்த டாக்டர்கள் ஒப்புக் கொண்டார்களா? இல்லை. நோயாளி இருக்கிற இடத்துக்கு மருந்து போயிற்று, அவ்வளவுதான். குணமாக்கியது மருந்தும் கவனிப்பும் என்பதைச் சோதித்தும் காட்டினார்கள். ஒருவன் குளத்தில் விழுந்து தத்தளிக்கும்போது, கரையில் பூணூல்காரன் நிற்கிறான், தாடிக்காரன் நிற்கிறான், ஆகையால் நான் அந்தப் படித்துறையில் இறங்க மாட்டேன் என்று நாம் சொல்லலாமா? ஆனால் நான் மூன்று நிபந்தனை கேட்பேன். சங்கிலி, சாட்டை, பட்டினி இம்மூன்றும் அன்றைக்கே நிற்க வேண்டும். இதில் கொஞ்சங் கொஞ்சமாய் என்ற பேச்சே கூடாது. மருந்து கொடுக்கிறவர் சர்க்காருக்குப் பொறுப்பாளியாய் இருக்க வேண்டும். நோயாளியைக் காட்டி எந்தக் கோவிலும் தர்காவும் காணிக்கை வாங்கக் கூடாது. மூன்றாவது, குணமானவரிடம் எதனால் குணமானாய் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த மூன்றுமிருந்தால் டாக்டர் தர்கா வாசலில் உட்கார்ந்தால் என்ன, கோவில் வாசலில் உட்கார்ந்தால் என்ன? எனக்கு அவருடைய நாற்காலி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையில்லை.

ஆனாலும், நமது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்த நாற்காலி போடப்பட்டால், தர்காவுக்கும் கோவிலுக்கும் போகிற கூட்டம் தானே குறையும். அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். யாசகமாகக் கேட்க வேண்டியதுமில்லை. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 18-வது பிரிவின்படி சர்க்கார் நடத்துகிற, அல்லது பணம் கொடுக்கிற இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. 95-வது பிரிவின்படி மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. இதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே, 1982-ல், தேச மனநலத் திட்டம் போட்டார்கள். அதன்கீழ் ஜில்லா மனநலத் திட்டம் முதலில் எடுத்துக் கொண்ட நான்கு ஜில்லாக்களில் நமது திருச்சியும் ஒன்று. திட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமே கிடையாது!

அடுத்து, 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் நமது ராஜ்யத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பெண் ஊழியர்கள் வீடுகளுக்கே போய் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பது அதன் நோக்கம். அளவு பார்க்கிற பெட்டியோடு வாசலுக்கே வருகிற பெண் அந்த ஒன்பது கேள்விகளையும் கேட்டால் என்ன? பதில் எழுத ஒரு பதிவேடும், வாரம் ஒருமுறை டெலிபோனில் கணக்குக் கேட்க ஜில்லா மனநல டாக்டரும், அதற்கென்று அந்தப் பெண்ணுக்குச் சரியான சம்பளமும் கொடுத்தால், சென்னை வைத்தியசாலையில் நடந்தது நமது தெருவில் நடப்பதற்கு என்ன தடை?

ஆகையால் இந்தக் கூட்டத்தின் சார்பாய் நமது சங்கத்தார் வரும் திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நான்கு கேள்வி கேட்டு வரவேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறேன். மனநோய் மாத்திரைகள் இங்கே கையிருப்பில் இருக்கின்றனவா? மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்? வந்து நின்றுவிட்டவர்களின் பெயர்ப் பட்டியல் உண்டா? அதைத் தேடிப் போகிற வேலை யாருடையது? பதிலை எழுதி வாங்கிக் கொண்டு வாருங்கள். இதே பத்திரிகையில் போடும்படி ஆசிரியரைக் கேட்டுக் கொள்ளுகிறேன். அதுவரையில் அவசரமானவர்களுக்கு 14416 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. 2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி இந்திய சர்க்கார் ஏற்படுத்தியது. கூப்பிடுவதற்குக் காசில்லை, தமிழிலேயே பேசலாம். தாய்மார்கள் அதை எழுதி எடுத்துக் கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பூச்சி மருந்து டப்பாவை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

பின்வரிசையில் இரண்டு தோழர்கள் சீட்டு எழுதிக் கையில் வைத்திருப்பதைப் பார்க்கிறேன். கொடுங்கள், முதலில் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.